மோட்டார் ரூமில் இல்லாத இயந்திரம்

திருகாணியை முடுக்கிய பிறகு கோமளா ஒவ்வொரு வயரையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். கழன்று வராது என்று தெரிந்தும் இழுப்பாள். கணபதி பகுதியில் அவளுடைய அண்ணன் நடத்தும், மோட்டாருக்கான பேனல் போர்டு செய்யும் பட்டறைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் முதலில் சிரிப்பது அதைப் பார்த்துத்தான்.

"ஏனுங்கக்கா, அதென்ன மாடுங்களா, கவுறு அவுந்துச்சான்னு இழுத்து இழுத்துப் பாக்கறீங்க?"

கோமளா அடுத்த வயரை இழுப்பாள். கொஞ்ச நாளில் கேட்டவளும் இழுக்க ஆரம்பித்துவிடுவாள்.

அவள் பள்ளியில் படித்தது வணிகவியல். கல்யாணம் ஆகும்வரை சும்மா இருப்பானேன் என்று பட்டறைக்கு வந்து உட்கார்ந்தவள், கல்யாணத்துக்குப் பிறகும் அதே மேஜைக்குத் திரும்பி வந்தாள். வயரிங் யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. ஓடி முடித்த பழைய போர்டுகளைக் கழற்றி, எந்த வயர் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் போய்க் கற்றுக்கொண்டது. செல்போனிலிருந்தே மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர்கள் பரவியபோது, சிம் கார்டு போடும் சின்ன அட்டைகள் பட்டறைக்கு வந்தன. அவற்றுக்குள் ஓடும் புரோகிராமில் ஒரு வரியை மாற்றுவதற்குக்கூட வெளியாளுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருப்பது கோமளாவுக்கு ஒத்துவராது. போர்டைப் படித்ததுபோலவே அந்த வரிகளையும் விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினாள். புரியாத வரியை அப்படியே விட்டுவிட்டு, வயர் நுனியில் லக் என்கிற செம்பு முனையை அடித்துக்கொண்டே அதை நினைத்துக்கொண்டிருப்பாள். அப்படித்தான் பைத்தான் மொழி வந்தது. அப்புறம் அதில் இணையதளம் கட்டுவதற்கான ஃபிளாஸ்க் என்கிற வெப் ஃபிரேம்வொர்க் வந்தது.

ஃபிரேம்வொர்க் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டி, கதவு, உள்தகடு, வயர் போகும் பாதை எல்லாம் தயாராகவே வாங்குகிறோம். எதை எங்கே மாட்டி எதோடு இணைப்பது என்பது மட்டும் நம் வேலை. இதுவும் அதேதான் என்று எடுத்துக்கொண்டாள்.

அவளை இந்த வேலைக்குள் முழுதாக இழுத்துவிட்டது பவானிப் பக்கத்து மேட்டாங்காட்டு விவசாயிகள் சங்கம். ஆற்றங்கரையில் ஒரு பெரிய மோட்டார். அங்கிருந்து, காடு என்று அவர்கள் சொல்லும் வயல்களுக்கு அடியில் வெகுதூரம் போகும் குழாய். ஒவ்வொருவர் காட்டிலும் ஒரு வால்வு. ஒரு நேரத்தில் ஒரு வால்வுதான் திறந்திருக்க வேண்டும். இரண்டு திறந்தால் பள்ளத்துக் காடு எல்லாத் தண்ணீரையும் குடித்துவிடும். மேட்டுக்காட்டுக் குழாயில் காற்றுதான் வரும். அதனால் முறை. யாருடைய முறை என்பதை மோட்டார் ரூம் சுவரிலிருந்த கரும்பலகையில் மோட்டார் ஓட்டும் அங்கப்பன் எழுதிவைப்பார். பலகையில் இருக்கும் பெயர்தான் சட்டம். நேரில் வர முடியாதவர்கள் அவருக்குப் போன் செய்வார்கள். அவர் கஞ்சி குடிக்கும்போதும் போன் காதில்தான் இருக்கும்.

சங்கத்தின் புது பேனல் போர்டு கோமளாவின் கையில் உருவானது. அதை வாங்க வந்த அங்கப்பன், அவள் வயர்களை இழுத்துப் பார்ப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கேட்டார்:

"அம்மணி, எம்பட கரும்பலகைய அவிய அவிய போனுக்குள்ள போட்டுத்தர முடியுங்களா? உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க. என்ற காதே சூடாயிப்போச்சு."

போட்டுக்கொடுத்தாள். மோட்டார் ரூமிலேயே ஒரு கம்ப்யூட்டர் வைத்து, அதில் அவள் எழுதிய செயலி ஓடியது. அங்கப்பன் தன் போனில் ஒரு பெயரைத் தொட்டால், பக்கத்தைத் திறக்கிற எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். அவ்வளவுதான். மோகன்குமார் என்ற உறுப்பினர் மட்டும் கூச்சத்தோடு ஒன்று கேட்டான்.

"எழுத்த இன்னுங் கொஞ்சம் பெருசாப் போடுங்கக்கா. எங்க பெரியம்மாவுக்குக் கண்ணு மங்கல். என்னைய கேக்கமாட்டாங்க. ஆனாத் தடவித் தடவிப் பாப்பாங்க."

கோமளா எழுத்தைப் பெரிதாக்கினாள். அந்தப் பெரியம்மாதான் சென்னியம்மாள். குழாயின் கடைசி வால்வு, மேட்டின் உச்சியில், அவளுடையது.

அந்தச் செயலியில் கோமளா யோசித்துச் செய்த ஒரு விஷயம் இருந்தது. மோட்டார் போர்டில் பச்சைப் பட்டனை அமுக்கினால் காண்டாக்டர் என்கிற காந்த சுவிட்ச் இழுத்துக்கொள்ளும். கையை எடுத்தாலும் அது தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்கு ஹோல்டிங் என்று பெயர். கரண்ட் போனால் பிடி விட்டுவிடும். கரண்ட் திரும்ப வந்தாலும் தானாக இழுக்காது. ஆள் வந்து பார்த்து மறுபடி அமுக்க வேண்டும். மோட்டாருக்குள் யாராவது கையை விட்டுக்கொண்டிருந்தால் அந்த ஆள் பிழைப்பதற்காக வைத்த ஏற்பாடு அது. முறையையும் கோமளா அப்படியே வைத்தாள். அங்கப்பன் தொட்ட பெயரைக் கம்ப்யூட்டர் தன் நினைவில் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். எங்கேயும் எழுதிவைக்காது. கரண்ட் போனால் மறந்துவிடும். வந்தபிறகு அங்கப்பன் வால்வுகளைப் பார்த்துவிட்டு மறுபடி தொட வேண்டும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. மோட்டார் ஓட்டும் த்ரீ பேஸ் கரண்ட் வந்த நொடியில் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் போனை எடுக்கும். அப்போதுதான் கண்விழிக்கும் கம்ப்யூட்டர் அத்தனை பேரின் கேள்வியையும் தாங்காமல் படுத்துவிடும். வெயில் ஒருபக்கம், தூசி ஒருபக்கம். ஒருநாள் பல்லி உள்ளே போய்ச் செத்தது.

"அம்மணி, உங்க பொட்டி மறுக்காவும் மூர்ச்ச போட்டிருச்சுங்க. மூஞ்சில தண்ணி தெளிக்கட்டுங்களா?" என்று அங்கப்பன் போன் செய்வார்.

கோமளாவின் அக்கா மகன் வம்சி பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருந்தான். சித்தியை வீட்டுத் தெலுங்கில் பின்னி என்றுதான் கூப்பிடுவான். அவனிடம் கேட்டபோது அவன் சொன்னது அவளுக்கு முதலில் விளையாட்டாகப் பட்டது.

"புதுசா கம்ப்யூட்டர் வாங்காதீங்க பின்னி. சர்வர்லெஸ்ல போட்டுருங்க."

"சர்வர் இல்லைன்னுதானே அர்த்தம்? இல்லாததுல எப்பிடிடா போடறது?"

"இருக்கும் பின்னி. யாராச்சும் கேட்டாத்தான் இருக்கும். கேக்கறப்ப ஒண்ணு பொறக்கும். பதில் சொல்லும். சித்தெ நேரம் உக்காந்து பாக்கும். யாரும் கூப்புடலைன்னா போயிரும். நூறு பேரு ஒண்ணாக் கேட்டா, வேணுங்கற அளவுக்குப் பொறந்துக்கும்."

"போனது எங்கடா போகும்?"

"எங்கயும் போகாது. இருந்த தடமே இருக்காது."

"கத விடாத."

"நீங்களே போட்டுப் பாருங்க, அப்பறம் என்னையத் திட்டுங்க."

அன்றைக்கெல்லாம் லக் அடிக்கும்போதும் வயர் இழுக்கும்போதும் கோமளா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த இயந்திரம் எதுவும் இப்படி இல்லை. ஓடாதபோதும் மோட்டார் மோட்டாராக அங்கேயே கிடக்கும். அதன்மேல் கோழி உட்காரும். கேட்டால் மட்டும் இருக்கிற ஒன்றை மனதில் எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு காலை நேரம், பட்டறை மேஜையில் வயர் துண்டுகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். செயலிக்குத் தேவையான துணைநிரல்களின் பெயர்களைப் பதிப்பு எண்ணோடு எழுதினாள். கடவுச்சொற்களை நிரலிலிருந்து பிரித்தெடுத்து, வம்சி சொன்ன சர்வர்லெஸ் தளம் கேட்ட இடத்தில் தனியாகக் கொடுத்தாள். எந்த ஊர் இயந்திரக் கூடம் என்று கேட்டது, மும்பை என்றாள். அப்புறம் நிரலை அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். திரையில் வரிகள் ஓடின. அவள் கேட்டதையெல்லாம் யாரோ எங்கோ எடுத்து அடுக்கினார்கள். பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி வந்தது. கீழே ஒரு முகவரி.

போனில் அந்த முகவரியைத் திறந்தாள். ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் வெள்ளையாக நின்றது. பிறகு பக்கம் வந்தது. மறுபடி தொட்டாள், தொட்டதும் வந்தது. சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, திரும்பி வந்து தொட்டாள். மறுபடியும் அந்த ஒரு மூச்சு.

காலையில் பதில் சொன்ன இயந்திரம் இப்போது இல்லை. இது வேறு. இப்போதுதான், அவள் விரல் பட்டதால் பிறந்தது. கோமளாவின் முன்கையில் முடி சிலிர்த்தது. பக்கத்து மேஜைப் பெண்ணிடம் சொல்லலாமா என்று பார்த்தாள். என்னவென்று சொல்வது?

பிறகு வயரை இழுப்பதுபோல் ஒவ்வொரு பட்டனையும் இழுத்துப் பார்த்தாள். ஒரு பெயரைத் தொட்டாள்; அந்தப் பெயர் வந்தது. வேறு பெயர்; அதுவும் வந்தது. எதுவும் கழன்று வரவில்லை. அங்கப்பனைக் கூப்பிட்டு, மோட்டார் ரூம் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னாள்.

அடுத்தமுறை கரண்ட் வந்ததும் ஊரே போனை எடுத்தது. பக்கம் அசையவில்லை.

"மலையாட்டம் நிக்குதுங்க அம்மணி!" என்று அங்கப்பன் போனில் கத்தியது பட்டறைக்கே கேட்டது. எத்தனை இயந்திரங்கள் ஓடின என்று காட்டும் தளத்தின் வரைபடத்தைக் கோமளா திறந்து பார்த்தாள். தரையோடு கிடந்த கோடு, கரண்ட் வந்த இடத்தில் சுவர்போல எழும்பி, கொஞ்ச நேரத்தில் மறுபடி தரையில் படுத்திருந்தது. எழுந்த உயரமெல்லாம் மேட்டாங்காட்டுக்காகப் பிறந்த இயந்திரங்கள். யாரும் பட்டன் அமுக்காமல், யாரும் பெயர் வைக்காமல் வந்து, முறை சொல்லிவிட்டுப் போனவை. அவள் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணாடிதான் தட்டுப்பட்டது.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் நிற்கவில்லை. அங்கப்பனிடமிருந்து இன்னொரு போன் வந்தது. குரல் தணிந்திருந்தது.

"அம்மணி, ஒரு சங்கடமாப் போச்சுங்க. தண்ணித் திருட்டுங்கறாங்க."

நடந்தது இதுதான். மோகன்குமாரின் முறை முடிந்ததும் அங்கப்பன் அடுத்துச் சென்னியம்மாளின் பெயரைத் தொட்டிருக்கிறார். சென்னியம்மாள் போனில் தன் பெயரைப் பார்த்துவிட்டுப் போய் வால்வைத் திறந்திருக்கிறாள். குழாய் இருமியதே தவிரத் தண்ணீர் ஏறவில்லை. புதிதாக ஊன்றிய மஞ்சள் காய்ந்துகொண்டு நிற்கிறது. அவள் மேட்டிலிருந்து இறங்கி, ஒவ்வொரு வால்வாகப் பார்த்துக்கொண்டு வந்தால், பள்ளத்தில் மோகன்குமாரின் வாழைக்குள் தண்ணீர் குளமாக நிற்கிறது. அவன் வால்வு திறந்தே கிடக்கிறது. என் பெயர்தான் போனில் இருந்தது என்கிறான் அவன். எங்கே காட்டு என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். திறந்து காட்டினான். சென்னியம்மாள் பெயர் இருந்தது.

"அந்தப் பையன் மூஞ்சி செத்துப்போச்சுங்க. தண்ணி திருடுனா இந்த வெள்ளாமைப் பட்டம் முடியற மட்டும் முறையில்லைங்கறது சங்கத்துச் சட்டமுங்க. அவன்ற வாழை குலை தள்ளி நிக்குது. தண்ணி நின்னா அத்தனையும் மண்ணுல சாயும். அதக்கூட விடுங்க. தண்ணித் திருடன்னு பேரு வந்துட்டா, இந்தக் காட்டுல பொறவு அவன்கிட்ட எவன் பேசுவான்? நாளைக்கு மத்தியானம் கூட்டம் போட்டிருக்குது."

"நான் பாத்துட்டுச் சொல்றேனுங்க. அதுவரைக்கும் கரும்பலகைலயே எழுதுங்க."

பெரியம்மாவுக்கு எழுத்துப் பெரிதாக வேண்டும் என்று கேட்டவன் பெரியம்மாவின் தண்ணீரைத் திருடுவானா? கோமளாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் நம்பிக்கை வேறு, சோதனை வேறு. தளம் தானாகவே எழுதிவைக்கும் பதிவுகளைத் திறந்தாள். எந்தக் கேள்வி எப்போது வந்தது, எந்த இயந்திரம் பதில் சொன்னது என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறக்கும் ஒவ்வொன்றுக்கும் தளம் ஓர் அடையாளம் கொடுக்கிறது. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட பெயர்.

விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனாள். ஒரே நிமிடத்தில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஓர் அடையாளம் 'சென்னியம்மாள்' என்றிருக்கிறது. இன்னோர் அடையாளம் 'மோகன்குமார்' என்றிருக்கிறது. மூன்றாவதாக ஒன்று, யாருக்கும் முறையில்லை என்றிருக்கிறது. அதனதன் அடையாளத்தோடு சேர்த்துப் படித்தால், ஒவ்வொன்றும் தான் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தது. ஒன்றுகூடத் தடுமாறவில்லை.

கோமளா விரலை எடுத்தாள்.

ஹோல்டிங். அவள் ஒரு காண்டாக்டர் வைத்தாள். அது ஒரே போர்டில் இருக்கும் என்று நினைத்து வைத்தாள். அந்தத் தளமோ கேட்டவர் கூட்டத்துக்கு ஏற்ப அதே போர்டைப் பிரதி எடுத்துப் பிரதி எடுத்து மாட்டியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைப் பட்டன், ஒவ்வொன்றிலும் ஒரு பிடி. அங்கப்பனின் விரல் ஒவ்வொருமுறையும் ஏதோ ஒன்றின் பட்டனைத்தான் அமுக்கியிருக்கிறது. மற்றவை தமக்குத் தெரிந்த பெயரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. பட்டறையில் அவள் சோதித்தபோது கேட்டவள் அவள் ஒருத்திதான், ஒன்றுதான் பிறந்தது, எல்லாம் சரியாக இருந்தது. ஊர் கேட்டபோது ஊர் அளவுக்குப் பிறந்தன.

அவள் மிகக் கவனமாகச் செய்த இடம் அது. அதுதான் ஒருவனைத் திருடனாக்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பதிவை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒன்றையொன்று அறியாமல், ஒரே கேள்விக்கு அதனதன் அளவில் உண்மையையே சொல்லிவிட்டு மறைந்துபோன அத்தனை அடையாளங்கள்!

திருத்தம் பெரிதில்லை. முறையை எந்த இயந்திரத்தின் நினைவிலும் வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் வெளியே, எப்போதும் இருக்கிற ஒரு டேட்டாபேஸில் எழுத வேண்டும். எது பிறந்தாலும் முதலில் அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். கரண்ட் வந்ததும் அங்கப்பன் தொட ஒரு தனிப் பட்டன் வைத்து, பழைய முறையை அது அழிக்கும்படி செய்தாள். இந்தமுறை வீட்டிலிருந்த போன், பட்டறைப் பெண்களின் போன் எல்லாவற்றையும் வாங்கி ஒன்றாகச் சோதித்தாள்.

ஆனால் அதைத் தளத்துக்கு அனுப்பவில்லை. பழுதைச் சரிசெய்துவிட்டுப் போய், பழுது இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பழைய செயலியை அப்படியே விட்டு, ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்து அனுப்பினாள். பதில் சொல்லும் இயந்திரம், பக்கத்தின் அடியில் தன் அடையாளத்தின் கடைசி எழுத்துகளைக் காட்டும்.

மறுநாள் பெருந்துறை வழியாகப் பஸ் மாறி அவள் போய்ச் சேர்ந்தபோது மோட்டார் ரூம் முன்னால் ஊர் கூடியிருந்தது. கரண்ட் இல்லை, அதனால் எல்லோருக்கும் ஓய்வு. மோகன்குமார் குழாயின்மேல் தனியாக உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சென்னியம்மாள் கூட்டத்தின் முன்வரிசையில் முந்தானையை இடுப்பில் செருகி நின்றாள்.

சங்கத் தலைவர் கோமளாவைப் பார்த்து, "வாங்கம்மணி. உங்க மெஷினு பொய் சொல்லுமுங்களா, சொல்லாதுங்களா? அதச் சொல்லிப்போடுங்க, முடிச்சுக்கலாம்" என்றார்.

"சொல்லாதுங்க," என்றாள் கோமளா. "ஆனா மெஷினு ஒண்ணில்லீங்க."

கூட்டத்தில் ஒருவர், "பொட்டிய எடுத்து ஓரமா வெச்சாச்சு. இப்ப ஒண்ணுகூட இல்லீங்களே," என்றார். சிரித்தார்கள்.

"எல்லாரும் போன எடுங்க. பக்கத்தத் தெறங்க. ஒருக்கா பத்தாதுங்க, திருப்பித் திருப்பித் தொட்டுட்டே இருங்க. அங்கப்பண்ணா, நீங்க மோகன்குமார் பேரத் தொடுங்க. சரி. இப்பச் சென்னியம்மாள் பேரத் தொடுங்க. இப்ப யார் யாருக்கு என்ன பேரு வருதுன்னு சத்தமாப் படிங்க."

முதலில் ஒருவர் சென்னியம்மாள் என்றார். அவருக்குப் பக்கத்திலிருந்தவர், "எனக்கு முறையே இல்லைன்னு வருதுங்க," என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், "மோகன்குமாரு!" என்றது. எல்லாத் தலைகளும் திரும்பின. "இங்கயும் மோகன்குமாருதானுங்க." "யோவ், சரியாப் பாரு." "கண்ணு என்ன பொடனிலயா இருக்குது? நீயே பாரு!"

சென்னியம்மாள் தன் போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். அந்தப் பெரிய எழுத்து அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. அவள் வாய் திறந்து அப்படியே நின்றது.

"என்ன பெரியம்மா வருது?" என்று தலைவர் கேட்டார்.

"இவன்ற பேரு," என்றாள் அவள். "எம்பட போன்ல... இவன்ற பேரு வருது."

அக்கரையில் கொக்கு ஒன்று எழுந்துபோனது.

கோமளா பக்கத்தின் அடியிலிருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். ஒரே பெயர் வந்தவர்களுக்கு அடையாளமும் ஒன்றாக இருந்தது. வேறு பெயர் வந்தவர்களுக்கு வேறாக இருந்தது. அது ஒவ்வொன்றும் ஒரு தனி இயந்திரம், நீங்கள் கேட்டதால் இப்போது பிறந்தது, கொஞ்ச நேரத்தில் இல்லாமல் போகும் என்று சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. சிலர் போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார்கள்.

அங்கப்பனுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "அப்ப நான் ஒரு கரும்பலகைல எழுதறேன். அவன் வேறொரு கரும்பலகையப் பாக்கறான். ரெண்டும் ஒரே சொவத்துல தொங்குதுன்னு நாம நெனச்சுட்டு இருக்கறோம். அப்பிடித்தானுங்களே?"

"அதேதானுங்கண்ணா. அன்னைக்குச் சாயங்காலம் அவரு போன்ல அவரு பேருதான் இருந்துது. உங்க முன்னாடி காட்டறப்ப வேற ஒண்ணு பதில் சொல்லியிருச்சு. பதிவுல ரெண்டும் இருக்குது. தப்பு எம்பேர்லதானுங்க. முறைய மெஷினுக்குள்ள வெச்சேன். வெளியில வெச்சிருக்கணும்."

மோகன்குமார் குழாயிலிருந்து இறங்கவில்லை. முகத்தை மட்டும் துண்டால் துடைத்துக்கொண்டான்.

தலைவர் தன் போனை மடியில் செருகினார். "திருட்டு இல்லைன்னு ஆயிப்போச்சு. பையன் முறை அப்பிடியே இருக்கட்டும். ஆனா அம்மணி, இனி எத நம்பித் தண்ணி விடறது? பழைய கரும்பலகைக்கே போயிரலாமுங்களா?"

கோமளா லேப்டாப்பை மோட்டாரின் மேல்மூடியில் வைத்துத் திறந்தாள். தயாராக எழுதி வைத்திருந்ததை அனுப்பினாள். தோளுக்குத் தோள் நின்று எல்லோரும் அந்த ஓடும் வரிகளைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒருவரும் நகரவும் இல்லை. பச்சைச் சரிக்குறி வந்தது.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க. அண்ணா, சென்னியம்மாள் பேரத் தொடுங்க. மத்தவிய எல்லாம் அடியில இருக்கற அடையாளத்தையும் மேல இருக்கற பேரையும் சேத்துப் படிங்க."

படித்தார்கள். பழைய கோயில் மண்டபத்தில் ஏலம் கூவுவதுபோல் ஒரே இரைச்சல். ஒருவருக்குக் 'கே' என்று முடிந்தது. ஒருவருக்கு 'எஃப்' என்று. இன்னொருவருக்கு வெறும் எண்கள். அடியிலிருந்தது பலவாக இருந்தது. மேலே, எல்லோருக்கும், சென்னியம்மாள். கூட்டத்தின் பின்னாலிருந்தவர்களுக்கும் சென்னியம்மாள். குழாய் பக்கத்திலிருந்து மோகன்குமாரும் மெதுவாகப் படித்தான்: "சென்னியம்மாள்."

இரைச்சல் தானாக அடங்கியது. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதைக் கோமளா பார்த்தாள். அவருக்கே அது தெரிந்திருக்காது.

"இத்தன பேரு வந்து, ஒருத்தருக்கொருத்தர் மூஞ்சி பாக்காம, ஒரே பேரச் சொல்றாங்களே," என்றாள் சென்னியம்மாள். பிறகு திரும்பி, "கண்ணு, இங்க வா," என்றாள்.

மோகன்குமார் வந்தான்.

"உன்னைய ஊருக்கு முன்னால பேசிப்போட்டேன்."

"உடுங்க பெரியம்மா."

"எப்பிடி உடறது? போன்ல உன்ற பேரு வந்துதுன்னு நீ சொன்னப்ப நான் சிரிச்சேன். இப்ப எம்பட போன்லயே வந்துருச்சு." அவள் போனை அவன் கையில் வைத்து அமுக்கினாள். "போயி எம்பட வால்வ நீயே தெற. நான் தெறக்கமாட்டேன்."

சிறிது நேரத்தில் கரண்ட் வந்தது. அங்கப்பன் புதுப் பட்டனைத் தொட்டுப் பழைய முறையை அழித்தார். வால்வுகளைப் பார்க்க ஆள் அனுப்பினார். மறுபடி அதே பெயரைத் தொட்டார். பிறகு போர்டின் பச்சைப் பட்டனை அமுக்கினார். உள்ளே காண்டாக்டர் 'டக்' என்று இழுத்துப் பிடித்துக்கொண்டது. கோமளாவுக்கு அந்தச் சத்தம் பழக்கமானது. ஆனால் இன்று அதைக் கேட்டதும் நின்றாள். இது இங்கே, இந்தப் பெட்டிக்குள், தொட்டால் சுடுகிற ஒரு பொருளாக இருக்கிறது. முறை சொல்லும் இயந்திரமோ எங்கேயும் இல்லாமல் இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் இந்தத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றப்போகின்றன.

அவளும் மேட்டுக்கு நடந்தாள். சென்னியம்மாள் மஞ்சள் ஊன்றிய மண்பார்களின் தலைமாட்டில் மண்வெட்டியோடு நின்றிருந்தாள். மோகன்குமார் வால்வைத் திருகித் திறந்துவிட்டு நிமிர்ந்தான். குழாய் வாயில் காற்றுதான் வந்தது.

"ஏனம்மணி," என்றாள் சென்னியம்மாள், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்ப யாரும் போனப் பாக்கலியே. அந்த மெஷினெல்லாம் இப்ப எங்க இருக்கும்?"

"இருக்காதுங்க."

"ஒண்ணுகூடவா?"

"கொஞ்ச நேரத்துல ஒண்ணுகூட இருக்காதுங்க. முறை மட்டும் எழுதி இருக்கும்."

"நான் தொட்டா?"

"உங்களுக்குன்னு ஒண்ணு வருமுங்க."

சென்னியம்மாள் மோகன்குமாரிடமிருந்து போனை வாங்கி, ஈரமில்லாவிட்டாலும் விரலை முந்தானையில் துடைத்துவிட்டு, மெல்லத் தொட்டாள். ஒரு மூச்சு நேரம் வெள்ளையாக நின்றது. கோமளாவும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். தன் பெயர் பெரிய எழுத்தில் வந்ததும் சென்னியம்மாள் தலையை ஆட்டினாள், வாசலுக்கு வந்தவரை வாங்க என்பதுபோல.

குழாய் ஒருமுறை இருமியது. பிறகு இன்னொருமுறை. மோகன்குமார் விலகி நின்றான். செம்மண் கலந்த முதல் தண்ணீர் தெறித்து வந்து, தெளிந்து, மஞ்சள் பாருக்குள் இறங்கியது.